நிழலில் விழுந்த ஒரு சொட்டு ஈயம்

அத்திமர நகர் மூன்றாவது வீதியில் குடியிருப்போர் சங்கத் தலைவர் நாச்சிமுத்துவின் நிழலும் பக்கத்து வீட்டு வசந்தாமணியின் நிழலும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டது வைகாசி மாதம் நான்காம் தேதி காலை எட்டரை மணிக்கு, பால்காரர் போய்க் காய்கறி வண்டி வருவதற்குள் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில். கோயமுத்தூரில் எத்தனையோ வீதிகள் இருக்க இந்த வீதிக்கு ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. எப்போது சரியாகும் என்று மட்டும் கேட்டார்கள், ஏனென்றால் அந்த மாதம் இருபத்துநாலாம் தேதி நாச்சிமுத்துவின் மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம்.

வசந்தாமணி அரசுப் பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் இயற்பியல் ஆய்வகத்தைக் கவனித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கிழக்குப் பார்த்த தன் வீட்டின் முன்வாசலில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு, பலகையில் ஈயம் உருக்கி ஒட்டும் இருபத்தைந்து வாட் சால்டரிங் அயனை வைத்துக்கொண்டு, ரேடியோவும் மழை வந்தால் கத்தும் பெட்டியும் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் பாடும் பெட்டியும் செய்துகொண்டிருந்தாள். வீதியில் அவளைப் 'பொட்டி நோண்டற அக்கா' என்றார்கள். அந்தப் பெட்டிகளில் ஒன்றைக்கூட யாரும் கேட்டு வாங்கியதில்லை.

நாச்சிமுத்துவுக்கு வீட்டோடு சேர்ந்து மாவு மில் இருந்தது. மில் மோட்டார் ஓடினால் வசந்தாமணியின் ரேடியோவில் பாட்டுக்கு நடுவே கேழ்வரகு அரையும். அவள் மின்வாரியத்துக்கு மனு எழுதினாள். அவர், தன் வேப்ப மரக்கிளையில் அவள் கட்டியிருந்த ஏரியல் கம்பியைச் சொல்லாமல் அறுத்துப் போட்டார். அன்றிலிருந்து ஏழு வருஷமாகப் பேச்சில்லை. அந்த வீதியில் பேச்சில்லை என்றால் மௌனம் என்று அர்த்தமில்லை. மற்றவர் காதில் விழும்படி வேறு எதனிடமாவது பேசுவது. நாச்சிமுத்து அவள் வீட்டுக் கேட்டிடம் பேசுவார். வசந்தாமணி சால்டரிங் அயனிடம் பேசுவாள்.

அன்று காலை அவர் வந்து நின்று கேட்டிடம் சொன்னார்: "மாடியில ஒயரு தொங்குது. கல்யாண வீட்டுக்கு வர்றவங்க கழுத்துல மாட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது? நான் பொதுவாச் சொல்றேன்."

வசந்தாமணி அயனிடம் சொன்னாள்: "கழுத்த நீட்டிட்டே திரிஞ்சா மாட்டத்தான் செய்யும்."

சொல்லிவிட்டு, முனையில் மிஞ்சியிருந்த ஈயத்தை ஈரப் பஞ்சில் துடைக்காமல், பஞ்சு காய்ந்து கிடந்ததால், கையை ஒரு வெட்டு வெட்டித் தரையில் உதறினாள். இந்தக் கெட்ட பழக்கத்தை ஆய்வகத்தில் ஆயிரம் மாணவிகளிடம் அவளே கண்டித்திருக்கிறாள். கிழக்கே நின்றிருந்த நாச்சிமுத்துவின் நிழல் கேட்டைத் தாண்டி முற்றம் முழுக்க நீண்டு வந்து, அதன் தலை வசந்தாமணியின் நிழலின் காலடியில் கிடந்தது. சொட்டு சரியாக அந்த இடத்தில் விழுந்தது. 'சுஸ்' என்றது. குங்கிலியம் போல ஒரு மணம் எழுந்தது. அவ்வளவுதான். நாச்சிமுத்து திரும்பி நடக்கப் பார்த்தார், முடியவில்லை.

அதற்குப் பிறகு வெயிலில் இருவரும் சேர்ந்துதான் போக வேண்டியிருந்தது. காலையில் நிழல் மேற்கே நீளும் என்பதால் அவர் கிழக்கிலும் அவள் மேற்கிலும், சாயங்காலம் நிழல் கிழக்கே நீளும் என்பதால் அவள் கிழக்கிலும் அவர் மேற்கிலும், காலை ஏழு மணிக்கு மூன்று ஆள் தூரத்தில், பத்து மணிக்கு ஒரு கை தூரத்தில், உச்சியில் ஒருவர் செருப்பை ஒருவர் மிதிக்கும் தூரத்தில் என்று ஒரு கணக்கு தானாக அமைந்தது. பன்னிரண்டு இருபதுக்கு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். அதைப் பார்த்துத்தான் வீதியில் சோறு வடித்தார்கள். ஒருவர் கூரைக்குள் ஒதுங்கினால் மற்றவர் வெயிலில் கால் வைக்க முடியாது. குடை பிடித்துப் பார்த்ததில் குடையின் நிழலும் ஒட்டிக்கொண்டு, அரை நாள் குடையையும் கூட்டிக்கொண்டு அலைந்தார்கள். மேகம் மூடிய ஒரு நாள் நாச்சிமுத்து ஆசையாகத் திருப்பூருக்குத் தனியாகக் கிளம்பி, அவினாசியில் வெயில் அடித்துவிட, பேருந்து நிறுத்தத்துக் கூரைக்குள் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

வீதி பழகிக்கொண்டது. ரேஷன் கடையில் இருவருக்கும் சேர்த்து வரிசையில் இடம் விட்டார்கள். கோயில் பூசாரி, பிரகாரம் சுற்றும்போது வெயில் விழும் மேற்குப் பக்கத்தில் மட்டும் பார்த்துத் திரும்பச் சொன்னார். காய்கறி வண்டிக்காரர் ஒரே தராசுத் தட்டில் இரண்டு பேருக்கும் நிறுத்துப் பிரித்தார். நாச்சிமுத்துவின் மனைவி ருக்குமணிக்கு இதில் மனக்குறை ஒன்றும் இல்லை. "முன்னெல்லாம் பன்னண்டு மணிக்கு எங்க இருக்காருன்னே தெரியாதுங்க. இப்ப அக்கா வீட்டு வாசல்ல இருப்பாருன்னு தெரியுது" என்றாள். கல்யாணச் சேலை எடுக்கப் போனபோது வசந்தாமணியும் போகவேண்டி வந்தது. மூன்று மணி நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், கடைசியில் கடைக்காரரின் கத்திரிக்கோலிடம், "அந்த மாம்பழக் கலரு பொண்ணுக்கு எடுப்பா இருக்குது" என்றாள். அதைத்தான் எடுத்தார்கள்.

நாச்சிமுத்துவுக்குத்தான் உறுத்தல். சேர்ந்து நடப்பதுகூட அவருக்குப் பெரிதில்லை. நாலு பேர் பார்க்கத் தன் தலை அவள் காலடியில் கிடக்கிறதே என்பதுதான்.

அந்த உறுத்தலுக்குப் பொள்ளாச்சியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா ஆறுச்சாமி வாய் கொடுத்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். முற்றத்தில் நிழலைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. தாரை வார்க்கற கையி உங்களது. தலை இன்னொரு வீட்டு அம்மிணி காலடியில கெடந்தா எங்க சனம் என்ன பேசும்? முகூர்த்தத்தன்னைக்குக் காத்தால மண்டபத்து வாசல்ல வெயில்ல உங்களை நிக்க வெச்சுப் பார்ப்பேன். நெழலு தனியாவும் முழுசாவும் இருக்கோணும். இல்லீன்னா வந்த வழியே போயிருவோம்."

சுகன்யா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாம்பழக் கலர் சேலை பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது.

சங்கம் கூடியது. தெருவிளக்கானாலும் சாக்கடை மூடியானாலும் மூன்று இடத்தில் விசாரித்துத்தான் வாங்க வேண்டும் என்பது விதி, நிழலுக்கும் அதுவே விதி. யாரோ ஈயம் உறிஞ்சும் பம்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பேனாவைவிடக் கொஞ்சம் பருமன், உள்ளே வில். அமுக்கி வைத்துப் பொத்தானைத் தட்டினால் 'டப்' என்று இழுத்துக்கொள்ளும். எல்லோரும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள். 'டப்' என்ற சத்தத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது. ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. பம்பு கம்பிக் கால்களுக்குச் சரி, இவ்வளவு மெல்லிசான சமாச்சாரத்துக்கு முரடு என்று வசந்தாமணி நாற்காலியின் கையிடம் சொன்னாள். நாற்காலிக்குச் சங்கத்தில் ஓட்டில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் தன் பழைய இருபத்தைந்து வாட் அயனையே வைத்தாள். ஊசி முனை. நிழலோ அகலமானது. வைக்கிற சூட்டையெல்லாம் நாலா பக்கமும் வாங்கிக்கொண்டு சில்லென்று கிடந்தது. ஈயம் உருகாமல் களி போலக் குழைந்தது.

"கண்ணு, உங்கப்பாவ அசையாம நிக்கச் சொல்லு" என்றாள் சுகன்யாவிடம்.

"அப்பா, அசையாம நிக்கோணுமாம்."

"எவ்வளவு நேரம்னு கேளு."

"எவ்வளவு நேரம்னு கேக்கறாருங்க அத்தை."

"இப்பத்தான், ரெண்டு நொடி."

"ரெண்டு நொடியாம்ப்பா."

"எப்பலிருந்து ரெண்டு நொடின்னு கேளு" என்று அவர் காதைக் கொடுத்துத் திரும்பினார். அந்தக் கணத்தில் பம்பு 'டப்' என்றது. ஈயம் இறுகிவிட்டது. சொட்டு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ஆனால் நாச்சிமுத்துவின் நிழலுக்கு இடது காதைக் காணவில்லை.

"காதக் காணம்!" என்று வேடிக்கை பார்த்த மாடிகளில் குரல் எழுந்தது. ஒரு நாள் முழுக்க அவர் ஒற்றைக் காது நிழலோடு திரிந்தார். வசந்தாமணி பம்பைத் திருகித் திறந்து, செய்தித்தாளில் தட்டி, ஈயத் துணுக்குகளுக்கு நடுவே வெந்தயம் போலச் சுருண்டு கிடந்த காதை இடுக்கியால் எடுத்து, ஈரத்தில் விரித்து, மறுநாள் காலை வெயில் வந்ததும் இருந்த இடத்திலேயே பதமாக ஒட்டினாள். அயனிடம், "தீர்மானம் போட்டு வேலை செஞ்சா இப்படித்தான் ஆகும்" என்றாள். சுகன்யா முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அத்தை, நீங்களே பாத்து என்ன வேணுமோ அத வாங்குங்க. உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். ஏழு வருஷத்தில் அந்த வீதியில் அவளிடம் அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல்முறை. வசந்தாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்த பிறகும் தெளிவாகவில்லை.

காட்டூர்ப் பக்கம் இதாயத்து பாய் வைத்திருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு இருவரும் பத்து மணி வெயிலில் போனார்கள், அவர் கிழக்கு ஓரமாகவும் அவள் மேற்கு ஓரமாகவும். பாய் படியில் விழுந்திருந்த நிழல்களை எட்டிப் பார்த்துவிட்டு, கறிவேப்பிலை வாங்க வந்தவரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"வாங்க டீச்சரம்மா. நெழலு எர்த் தகடு மாதிரி அகலமா இருக்குதே, சூட்டையெல்லாம் குடிச்சிரும். இருபத்தஞ்சு வாட்டு எங்க பத்தும்?"

நாச்சிமுத்து கூரை விசிறியைப் பார்த்து, "இந்தக் கடையிலயே பெரிசு எதுவோ அத எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

"பெரிசுன்னா இந்த ஊதற மெஷினு இருக்குதுங்க. சூடா காத்தடிக்கும், தொடாமயே உருகும். ஆனா நெழலு ரொம்ப லேசு பாருங்க. பறந்து போச்சுன்னா நான் பொறுப்பில்ல."

விசிறியும் நாச்சிமுத்துவும் யோசித்தார்கள். வசந்தாமணி அதற்குள் கண்ணாடிப் பெட்டியின்மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருந்தாள். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள அறுபது வாட் அயன் ஒன்று, கையில் வைத்து எடை பார்த்து, கைப்பிடி வழுக்குகிறதா என்று பார்த்து, ஒயர் மடங்கினால் விறைக்கிறதா என்று பார்த்து. முனையில் ஊசியை ஒதுக்கிவிட்டு, உளி போலத் தட்டையானது.

"ஊசியா இருந்தாத்தான நுணுக்கமா நடக்கும்?" என்றார் அவர் விசிறியிடம்.

"சூடு போறது கூர்மையில இல்ல, தொடற அகலத்துல" என்றாள் அவள் பெட்டியிடம். "ஊசிய வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் சுடறதுக்கு, உளிய வெச்சு ரெண்டே நொடி சுட்டா நெழலுக்குத்தான் நல்லது."

பாய் இரண்டு சுருள் ஈயத்தை நீட்டினார். புதுசாக வந்தது ஒன்று, காரீயம் கலக்காதது. அவள் அதைத் தள்ளினாள்.

"அது உருக இன்னும் சூடு கேக்கும். நெழலு கருகிரும்."

"நெழலு கருகினா எப்படித் தெரியும்?" என்றார் நாச்சிமுத்து, யாரிடம் என்று தீர்மானிக்காமலே.

"தெரியாதுங்க. அதுதான் பயம்" என்றார் பாய்.

கடைசியாக அவள் எடுத்தது செம்புக் கம்பியில் பின்னிய நாடா ஒரு சுருள், பூணூலைவிட அகலம், கொலுசுச் சங்கிலியைவிட மெல்லிசு. உருகிய ஈயத்தின்மேல் வைத்து அழுத்தினால் விளக்குத் திரி எண்ணெயைக் குடிப்பதுபோலக் குடித்துவிடும். சத்தம் கிடையாது. சத்தம் இல்லாததால் நாச்சிமுத்துவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. வரும் வழியெல்லாம் அந்தச் சுருளைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார். அவள் பஞ்சு ஒன்றும் வாங்கியிருந்தாள், தண்ணீர் விட்டு நனைக்க.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. காலை எட்டரைக்கு மாடிகளில் இடமில்லை. வசந்தாமணி அயனைச் சூடேற்றி, முனையை ஈரப் பஞ்சில் துடைத்து, வெள்ளி போல மினுக்கி, சொட்டின்மேல் ஈயத்தை இளக்கும் பேஸ்ட் தடவினாள். பிறகு புது ஈயச் சுருளை இழுத்து, பழைய சொட்டின்மேல் வைத்து உருக்க ஆரம்பித்தாள்.

மாடிகள் கொதித்தன. "அட, இன்னும் ஒட்டறாங்கடா!" "பிரிக்கச் சொன்னா பூசறாங்களே!"

நாச்சிமுத்து கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "பாத்துக்க! கல்யாணத்தக் கெடுக்கறதுக்குன்னே ஒருத்தர் உக்காந்திருக்காங்க!" கத்தியபடியே பின்னால் இழுத்தார்.

பழைய ஈயம் பதினெட்டு நாள் வெயிலும் தூசியும் குடித்துப் பொருக்குத் தட்டிப் போயிருந்தது. எவ்வளவு சுட்டாலும் அது தானாக இளகாது. புது ஈயத்தைக் கொடுத்தால் அதோடு கலந்து இளகி, அதோடு சேர்ந்தே வந்துவிடும். இது அயன் பிடித்த எவருக்கும் தெரியும். ஆனால் இதைச் சுகன்யாவிடம் சொல்லி, சுகன்யா அப்பாவிடம் சொல்லி, அப்பா சந்தேகம் கேட்டு, அது திரும்பி வருவதற்குள் ஒரு நிமிஷம் ஆகும். ஈயமோ இரண்டு நொடியில் இறுகும். நாச்சிமுத்து இழுத்த இழுப்பில் நிழலின் கழுத்து ரப்பர் போல நீண்டு, மெலிந்து, தரையின் சிமென்ட் அதன் ஊடாகத் தெரிய ஆரம்பித்தது. அறுந்தால் தலை அவள் காலடியிலேயே நின்றுவிடும், மண்டப வாசலில் ஆறுச்சாமி முன்னால் தலையில்லாத நிழல் ஒன்று போய் நிற்கும். சுகன்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வசந்தாமணி திரும்பி, ஏழு வருஷத்தில் முதல்முறையாக நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். மீசை நரைத்துவிட்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

"அண்ணா, இழுக்காதீங்க."

மாடிகளில் கழுத்துகள் நீண்டன. எங்கோ ஒரு குக்கர் மட்டும் விசிலடித்தது.

"பிரிக்கறதுக்குத்தானுங்கண்ணா ஒட்டறேன். பழசு தனியா வராது. நாலு எண்ற வரைக்கும் சும்மா நில்லுங்க."

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். பழக்க தோஷத்தில் கேட்டைப் பார்த்தார். கேட்டிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

"நாலுதானா அம்மிணி?" என்றார்.

"நாலே நாலுதானுங்கண்ணா."

அவர் கையைத் தொங்கவிட்டார். தோள் இறங்கியது. நிழலின் கழுத்து தளர்ந்து, கறுத்து, பழைய பருமனுக்கு வந்தது. சங்கக் கூட்டத்தில் கை தூக்கியவர்களை எண்ணும் குரலில் அவரே எண்ணினார். ஒன்று என்றபோது ஈயம் நெளிந்தது. இரண்டு என்றபோது பழசும் புதுசும் கலந்து கண்ணாடி போலப் பளபளத்தது. மூன்று என்றபோது அவள் செம்பு நாடாவை வைத்து, மேலே உளி முனையை அழுத்தினாள். நாடா விளிம்பிலிருந்து நடுவரைக்கும் வெள்ளையாகிக்கொண்டே போனது. நாலு என்றபோது எடுத்தாள். ஆறிய பாலிலிருந்து ஆடை வருவதுபோல நிழல் பிரிந்து வந்தது.

யாரும் கைதட்டவில்லை. நம்புவதற்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. நாச்சிமுத்து ஓரடி பின்னால் வைத்தார். இன்னோரடி. வீதியின் கோடிவரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

"சத்தமே இல்லியே அம்மிணி" என்றார்.

"வேலை முடிஞ்சா சத்தம் எதுக்குங்க?"

அன்று சாயங்காலம் ருக்குமணி மஞ்சள் குங்குமத்தோடு பத்திரிகை கொண்டுவந்து வைத்தாள். பின்னால் நின்ற நாச்சிமுத்து ஆளைப் பார்த்தே, "வந்துருங்க" என்றார்.

பொள்ளாச்சி மண்டபத்து வாசலில், நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, ஆறுச்சாமி சம்பந்தியை வெயிலில் நிறுத்தினார். கையைத் தூக்கச் சொன்னார். விரல்களை எண்ணினார். துண்டை எடுத்துவிட்டுக் கழுத்தைப் பார்த்தார். குனிந்து, மூக்கு தரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இடது காது கொஞ்சம் எறங்கியிருக்குதே?"

"அது நெசத்துலயும் அப்படித்தானுங்க" என்றாள் ருக்குமணி. "பொண்ணு பாக்க வந்தன்னைக்கே நான் பாத்தனுங்க."

ஆறுச்சாமி நிழலையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாதஸ்வரக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். சுகன்யா மாம்பழக் கலர் சேலையில் வந்து உட்கார்ந்தாள். தாரை வார்க்கும்போது நாச்சிமுத்து செம்பைக் கொஞ்சம் அதிகமாகவே சாய்த்துவிட்டார். அதற்கு நிழல் காரணமில்லை.

சாப்பிட்டுவிட்டு வசந்தாமணி கை கழுவிக்கொண்டிருந்தபோது ஆறுச்சாமி பக்கத்துக் குழாயில் வந்து நின்றார். கழுவிய கையையே திரும்பக் கழுவினார்.

"அம்மிணி, ஒட்டறதுக்கும் இதே சாமான்தானா?"

"ஆமாங்க. பம்பும் நாடாவும் வேண்டியதில்ல, அவ்வளவுதான். யாருக்குங்க?"

அவர் மோவாயால் காட்டினார். பந்தியின் கடைசியில், மாப்பிள்ளையின் அப்பா வெள்ளியங்கிரி ரசத்துக்குக் குழி கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பிதான். தோட்டத்துக் கெணத்துத் தகராறுல தொடங்குனது. பேசிப் பதினெட்டு வருசம் ஆச்சு. இந்தக் கல்யாணமே மாப்பிள்ளப் பையன் இங்கயும் அங்கயும் ஓடி ஓடிப் பேசுனதுதான்." சின்னக் குரல் இன்னும் சின்னதாயிற்று. "ஒரு சொட்டு வெச்சு விட்டீங்கன்னா..."

வசந்தாமணி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். அறுபது வாட் போதும். சுருளில் ஈயமும் மிச்சம் இருந்தது.

"வெச்சரலாமுங்க. காத்தால எட்டரை வெயிலுக்கு ரெண்டு பேரும் வாங்க. ஒண்ணே ஒண்ணுதான். யாரு தலை, யாரு காலடியிலங்கறத நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வரோணும். அத நான் சொல்ல மாட்டேன். அதுல ஒருதரம் பட்டாச்சு."

"பேசியா?"

"பேசித்தானுங்க."

"பேச முடிஞ்சா உங்ககிட்ட எதுக்கு அம்மிணி வர்றேன்?"

வசந்தாமணி வெற்றிலைத் தட்டைப் பார்க்கப் போய்விட்டாள். ஆறுச்சாமி குழாயை மூடினார், திறந்தார், மூடினார். பந்தியின் ஓரமாக மெல்ல நடந்தார். பாயசம் கொண்டு போகிறவருக்கு வழிவிட்டார். தம்பியின் இலைக்கு எதிரே போய் நின்று, நெடுநேரம் இலையைப் பார்த்தார்.

"டேய் வெள்ளியங்கிரி," என்றார். "நீ எத்தனை அடி ஒசரம்?"

வெள்ளியங்கிரியின் கை ரசத்தில் நின்றது. மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். பந்தியில் பேச்சு ஒவ்வோர் இலையாக நின்றுகொண்டே வந்தது.

"உன்னவிட ஒரு வெரக்கடை அதிகம்" என்றார்.

"யாரு சொன்னது?"

"அப்பா சொன்னது."

"அப்பனுக்குக் கண்ணு தெரியாது. எந்திரி."

பாயசம் ஊற்றியவர் ஊற்றியபடி நிற்க, இருவரும் பாதி இலையில் எழுந்து, யார் நிழல் நீளம் என்று அளந்து பார்க்க வெயிலுக்குப் போனார்கள்.